யார் இந்த ஜான் போஸ்டெல்? இணையத்தின் பெயர்ப் பட்டியலைக் காத்தவருக்கும் உங்கள் ஆபீஸ் சர்வர் கோளாறுக்கும் என்ன தொடர்பு?

1998 ஜனவரி 28. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருந்து ஓர் இமெயில் கிளம்பியது. உலகில் அப்போது இருந்த 13 ரூட் சர்வர்களில் எட்டின் நிர்வாகிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய சர்வர்கள் இணையத்தின் முதன்மைப் பட்டியலை இனி வேறொரு இடத்தில் இருந்து வாங்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அரசாங்க உத்தரவு எதுவும் அதோடு இல்லை, கோர்ட் தீர்ப்பும் இல்லை. ஆனாலும் எட்டு சர்வர்களிலும் மாற்றம் செய்யப்பட்டது.

அனுப்பியவர் ஜான் போஸ்டெல். நீண்ட தாடியும் காலில் செருப்புமாக இருப்பார். எந்தப் பெரிய கம்பெனிக்கும் அவர் முதலாளி இல்லை. ஆனால் இணையத்தில் எந்தப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்ற கணக்கு கிட்டத்தட்ட 30 ஆண்டு அவர் பொறுப்பில்தான் இருந்தது.

இன்றும் ஒரு அலுவலகத்தில் இரண்டு சர்வர்கள் தங்களுக்குள் ஃபைல்களை நகல் எடுக்க முடியாமல் நின்றுபோனால், அனுபவமுள்ள சிஸ்டம் அட்மின் முதலில் பார்ப்பது டிஎன்எஸ்ஸைத்தான். அந்த டிஎன்எஸ் எப்படி வந்தது, ஏன் அதில் சின்னத் தவறு பெரிய வலியாகிறது என்பதைப் புரிந்துகொள்ள போஸ்டெலின் வாழ்க்கையே நல்ல வழி.

சுமாரான மாணவர், சரியான இடம்

போஸ்டெல் பிறந்தது 1943 ஆகஸ்ட் 6 அன்று, கலிஃபோர்னியாவின் அல்டடீனாவில். படித்தது லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் உள்ள வான் நைஸ் உயர்நிலைப் பள்ளி. பின்னாளில் இணையத்தின் தந்தையரில் ஒருவர் என்று பேசப்பட்ட வின்ட் செர்ஃப், ஸ்டீவ் க்ராக்கர் ஆகிய இருவரும் அதே பள்ளியில் படித்தவர்கள்தான்.

பள்ளியில் போஸ்டெலின் மதிப்பெண் அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. அதனால் நேராகப் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. உள்ளூர் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து, கம்ப்யூட்டர் மேல் பிடிப்பு வந்த பிறகு யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1966-ல் பொறியியல் பட்டம், 1968-ல் முதுகலை, 1974-ல் கணினி அறிவியலில் பிஎச்.டி. கணினிகள் தங்களுக்குள் பேசும் விதிகளை, அதாவது புரோட்டோகால்களை, வரைபட முறையில் ஆராய்வதுதான் ஆய்வுப் பொருள்.

அவர் மாணவராக இருந்த அதே யுசிஎல்ஏவில்தான், 1969-ல், இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டின் முதல் முனை அமைந்தது. பேராசிரியர் லியனார்ட் க்ளைன்ராக்கின் ஆய்வகத்தில் பட்டமேற்படிப்பு மாணவர்கள் கூடி அந்த நெட்வொர்க்கின் விதிகளை எழுத ஆரம்பித்தார்கள். 1969 ஏப்ரலில் ஸ்டீவ் க்ராக்கர் எழுதிய முதல் குறிப்புக்கு ஆர்எஃப்சி 1 என்று பெயர். கருத்து கேட்கும் குறிப்பு என்று பொருள்படும் அந்தத் தொடர் இன்றைக்கும் நிற்கவில்லை. அதன் ஆசிரியர் பொறுப்பு போஸ்டெலிடம் வந்தது. சாகும்வரை அவரிடமே இருந்தது.

நோட்டுத் தாளில் ஒரு கணக்கு

நெட்வொர்க் என்றாலே எண்கள்தான். எந்தச் சேவைக்கு எந்த எண், எந்தக் கணினிக்கு எந்த எண் என்று யாராவது கணக்கு வைக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே எண்ணை எடுத்துக்கொண்டால் குழப்பம். பார்க்க குமாஸ்தா வேலை போலத் தெரியும், அதனால் யாரும் முன்வரவில்லை. போஸ்டெல் வந்தார். 1972 மே மாதம் எழுதிய ஒரு குறிப்பில், இந்த எண்களை ஒருவர் ஒதுக்கித் தர வேண்டும், அந்த வேலையைத் தானே செய்யத் தயார் என்று தெரிவித்தார். ஆரம்பத்தில் அந்தக் கணக்கு நோட்டுப் புத்தகத் தாளில்தான் இருந்தது என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

பிஎச்.டி முடித்த பிறகு சில இடங்களில் வேலை பார்த்துவிட்டு, 1977-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். சுருக்கமாக ஐஎஸ்ஐ. கடற்கரையோரம் மரீனா டெல் ரேயில் இருக்கும் அந்த அலுவலகம்தான் கடைசிவரை அவருடைய இடம். ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற சக பணியாளரோடு சேர்ந்து அவர் பார்த்த எண் ஒதுக்கும் வேலைக்குப் பின்னர் ஐயானா என்று பெயர் வந்தது. இணையத்துக்கு எண்களை ஒதுக்கித்தரும் அமைப்பு என்று அர்த்தம். பெயர்தான் பெரிது, ஆள் பலம் ஒரு கை விரல்களுக்குள்.

இன்று நாம் தினமும் பயன்படுத்தும் பல விதிகள் அவர் மேசை வழியாக வந்தவை. 1980-ல் யுடிபி, 1981 செப்டம்பரில் ஐபி, டிசிபி, 1982-ல் இமெயில் அனுப்பும் எஸ்எம்டிபி. எழுதியவராகவோ இணை ஆசிரியராகவோ 200-க்கும் மேற்பட்ட ஆர்எஃப்சிகளில் அவர் பெயர் இருக்கிறது.

ஒரே ஒரு ஃபைல், ஊரெல்லாம் நகல்

இனிதான் விஷயமே. கணினிக்கு எண் போதும், மனுஷனுக்குப் பெயர் வேண்டும். அர்பாநெட்டில் இதற்கு ஒரு எளிய ஏற்பாடு இருந்தது. ஹோஸ்ட்ஸ் டாட் டெக்ஸ்ட் என்ற ஒரே ஒரு ஃபைல். எந்தக் கணினிப் பெயருக்கு எந்த எண் என்று வரிவரியாக அதில் எழுதியிருக்கும். மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ நிறுவனத்தின் தகவல் மையம் அதைப் பராமரித்தது. மையத்தின் தலைவர் எலிசபெத் ஃபைன்லர்.

புதுக் கணினி வந்தால் அங்கே தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் ஃபைலில் சேர்ப்பார்கள். மற்ற எல்லோரும் அவ்வப்போது அந்த ஃபைலை இறக்கித் தங்கள் கணினியில் நகல் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். சில பத்துக் கணினிகள் இருந்தவரை இது ஜோராக ஓடியது.

கணினிகள் நூற்றுக்கணக்கில் ஏறியதும் மூன்று சிக்கல்கள் ஒன்றாக வந்தன. முதலாவது, எல்லோரும் ஒரே இடத்தில் இருந்து ஃபைலை இழுத்ததால் அந்த மையம் திணறியது. இரண்டாவது, பெயர் மோதல். ஒரே பெயரை இரண்டு பேர் வைத்தால் தடுக்க ஆள் வேண்டும். மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம்: நகல்கள் ஒத்துப்போகவில்லை. தூரத்தில் இருப்பவர் கைக்குப் புது ஃபைல் போய்ச் சேருவதற்குள் இங்கே ஒரு முகவரி மாறியிருக்கும். பழைய நகலை வைத்திருப்பவர் பழைய முகவரியைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

பட்டியல் தப்பில்லை, நகல் பழசு. டிஎன்எஸ் தொடர்பான தொல்லைகளில் பெரும்பகுதியை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம். இன்றைக்கும்தான்.

டிஎன்எஸ் பிறந்தது இப்படித்தான்

தீர்வு தேடும் வேலையை போஸ்டெல், ஐஎஸ்ஐயில் அவருடன் இருந்த பால் மொக்கபெட்ரிஸிடம் கொடுத்தார். ஏற்கெனவே பலர் முன்வைத்திருந்த யோசனைகளைச் சமரசம் செய்து ஒன்றாக்குவதுதான் முதலில் கேட்கப்பட்டது. மொக்கபெட்ரிஸ் அதைவிடப் புதிதாக ஒன்றை வடிவமைப்பதே மேல் என்று முடிவெடுத்தார். 1983 நவம்பரில் ஆர்எஃப்சி 882, 883 என இரண்டு ஆவணங்களாக அது வெளிவந்தது. அதுதான் டொமைன் நேம் சிஸ்டம், டிஎன்எஸ்.

யோசனை எளிது. மொத்தப் பட்டியலையும் ஒருவரே வைத்திருக்க வேண்டாம். உச்சியில் இருக்கும் ரூட் சர்வருக்கு டாட் காம் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும். டாட் காமை வைத்திருப்பவருக்கு அதன் கீழே உள்ள ஒவ்வொரு பெயரும் யார் பொறுப்பு என்று தெரிந்தால் போதும். அந்தந்த நிறுவனம் தன் வீட்டுக் கணக்கைத் தானே எழுதிக்கொள்ளும். கேள்வி கேட்பவர் மேலிருந்து கீழே ஒவ்வொருவரிடமாக விசாரித்து இறங்கி வருவார்.

நகல்களுக்கும் வழி செய்யப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரிசை எண் உண்டு. மாற்றம் செய்தால் எண் ஏறும். துணை சர்வர் அவ்வப்போது எட்டிப்பார்த்து, எண் ஏறியிருந்தால் புது நகலை எடுத்துக்கொள்ளும். பதிலை ஞாபகம் வைத்திருப்பவர் எவ்வளவு நேரம் அதை நம்பலாம் என்பதற்கும் காலக்கெடு உண்டு. எல்லா நகலும் எப்போதும் ஒன்றாக இருக்காது என்பதை ஒப்புக்கொண்டு, எவ்வளவு நேரம் பழசாக இருக்கலாம் என்று வரம்பு கட்டிய ஏற்பாடு இது.

1984 அக்டோபரில் போஸ்டெலும் ரெனால்ட்ஸும் எழுதிய ஆர்எஃப்சி 920-ல் டாட் காம், எடு, கவ், மில், ஆர்க் ஆகியவை இடம்பெற்றன. 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் டாட் காம் பதிவானது. முதல் டாட் காம் அதுதான்.

எது நாடு, எது நாடு இல்லை?

நாடுகளுக்குத் தனி அடையாளம் கொடுக்கும் நேரம் வந்தபோது போஸ்டெல் எடுத்த முடிவு கெட்டிக்காரத்தனமானது. எது நாடு என்று தீர்மானிக்கும் வேலையில் ஐயானா தலையிடாது. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 3166 என்ற இரண்டெழுத்துப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. அதில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அரசியல் சண்டை எதுவும் அவர் வாசலுக்கு வராமல் இது தடுத்தது.

இந்தியாவின் டாட் இன் 1989 மே மாதம் அந்த வழியாகத்தான் வந்தது. 2010 முதல் ரூட் பட்டியலில் தமிழ் எழுத்திலேயே நாட்டு அடையாளங்கள் ஏறின. டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா மூன்றும் இன்று அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

1994-ல் எழுதிய ஆர்எஃப்சி 1591-ல் இன்னொரு கொள்கையையும் அவர் பதிவு செய்தார். ஒரு டொமைனை நிர்வகிப்பவர் அதன் சொந்தக்காரர் இல்லை, அந்தச் சமூகத்துக்கான பொறுப்பாளர். உரிமை பற்றிப் பேசுவதைவிடக் கடமை பற்றி யோசிப்பது நல்லது என்பது அவர் நிலை. அவர் வேலை நடந்ததே இந்த நம்பிக்கையில்தான். கையில் சட்ட அதிகாரம் கிடையாது. அவர் ஒழுங்காகச் செய்வார் என்று எல்லோரும் நம்பினார்கள், அதனால் செல்லுபடியானது.

பணம் வந்தது, சண்டையும் வந்தது

1990-களில் நிலைமை மாறியது. 1993 முதல் டாட் காம் பதிவு வேலையை அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற தனியார் நிறுவனம் பார்த்துவந்தது. 1995 செப்டம்பரில் கட்டணம் வந்தது. இரண்டு ஆண்டுக்கு 100 டாலர். அதுவரை இலவசமாகக் கிடைத்த பெயர்கள் வியாபாரமாயின. டாட் காமுக்கு ஒரே கடைதான் என்பதில் பலருக்கும் கோபம்.

புது டொமைன்களை உருவாக்கிப் போட்டியைக் கொண்டுவரலாம் என்று போஸ்டெல் 1996-ல் திட்டம் போட்டார். அதற்காக ஒரு சர்வதேசக் குழுவும் அமைந்தது. டாட் வெப் உட்பட ஏழு புது அடையாளங்களை அது பரிந்துரைத்தது. நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் எதிர்த்தது. வெள்ளை மாளிகையும் இது தன் கையை மீறிப் போகிறது என்று நினைத்தது.

நடுவில் 1997 ஜூலை 17 அன்று ஒரு சம்பவம். நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் தயாரித்த டாட் காம், டாட் நெட் பட்டியல் ஃபைல் கெட்டுப்போயிருந்தது. எச்சரிக்கை மணி அடித்தும் கவனிக்கப்படாமல் அது வெளியே அனுப்பப்பட்டது. மற்ற சர்வர்கள் அதையே நகல் எடுத்துக்கொண்டன. உலகெங்கும் பல மணி நேரம் தளங்கள் திறக்கவில்லை, இமெயில்கள் போகவில்லை. நகல் எடுக்கும் ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்தால், தப்பையும் அது ஒழுங்காகவே பரப்பும்.

அந்த ஜனவரி நாள்

இந்தப் பின்னணியில்தான் 1998 ஜனவரி 28 வருகிறது. உலகின் ரூட் சர்வர்கள் எல்லாம் வர்ஜீனியாவில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நடத்திய ஏ என்ற சர்வரில் இருந்து பட்டியலை நகல் எடுத்துவந்தன. போஸ்டெலின் இமெயிலுக்குப் பிறகு எட்டு சர்வர்கள் ஐயானாவின் சர்வரில் இருந்து எடுக்க ஆரம்பித்தன. அந்த நிறுவனத்தின் கையிலும் அமெரிக்க அரசு, ராணுவ அமைப்புகளின் கையிலும் இருந்தவை மட்டும் பழைய இடத்தோடு நின்றன.

பொதுமக்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏனென்றால் இரண்டு பட்டியலும் ஒன்றேதான். ஆனால் யாரிடம் கேட்பது என்ற ஒரே வரியை மாற்றியதன் மூலம், இணையத்தின் உச்சியைத் தன்னால் வாஷிங்டனிடம் இருந்து நகர்த்த முடியும் என்று போஸ்டெல் காட்டிவிட்டார். இது ஒரு சோதனை மட்டுமே என்பது அவர் தந்த விளக்கம்.

கிளின்டனின் ஆலோசகர் ஐரா மேகசீனர் தரப்பில் இருந்து கடும் அழுத்தம் வந்தது. போஸ்டெல் மாற்றத்தைத் திரும்பப் பெற்றார். அடுத்த சில நாட்களிலேயே அமெரிக்க அரசு தன் கொள்கை வரைவை வெளியிட்டது. அவர் அன்று செய்தது துணிச்சலா, வரம்பு மீறலா என்று இன்றும் இரண்டு கட்சி உண்டு. ஆனால் ஒரு தனிமனிதர் மேல் உள்ள நம்பிக்கையை வைத்து மட்டும் இதை இனி ஓட்ட முடியாது என்பது அன்றோடு எல்லோருக்கும் புரிந்தது.

போஸ்டெலுக்கும் புரிந்திருந்தது. தன் வேலையை ஒரு லாப நோக்கற்ற அமைப்புக்குக் கைமாற்றும் ஏற்பாட்டில் அந்த ஆண்டு முழுக்க ஓடினார். 1998 செப்டம்பர் 30 அன்று ஐகேன் அமைப்பு பதிவு செய்யப்பட்டது. அதன் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக அவர்தான் இருப்பதாக இருந்தது. ஆனால் இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏற்பட்ட சிக்கலால், அக்டோபர் 16 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். வயது 55. பள்ளித் தோழர் வின்ட் செர்ஃப் எழுதிய அஞ்சலி, போஸ்டெல் வளர்த்த அதே தொடரில் ஆர்எஃப்சி 2468 ஆக வெளிவந்தது.

சரி, ஆபீஸ் சர்வருக்கு வருவோம்

போஸ்டெல் இறந்து 16 மாதம் கழித்து, 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000 வந்தது. கூடவே ஆக்டிவ் டைரக்டரியும். ஊழியர்களின் கணக்கு, பாஸ்வேர்டு, எந்தக் கணினியில் என்ன அனுமதி என்பதையெல்லாம் வைத்திருக்கும் சர்வருக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். ஒன்று படுத்தால் இன்னொன்று வேண்டுமே, அதனால் குறைந்தது இரண்டு இருக்கும். கிளை அலுவலகம் இருந்தால் அங்கேயும் ஒன்று.

இவை இரண்டு விஷயங்களைத் தங்களுக்குள் நகல் எடுத்துக்கொண்டே இருக்கும். ஒன்று கணக்குகள் உள்ள டேட்டாபேஸ். இன்னொன்று சிஸ்வால் என்ற ஃபோல்டர். லாகின் ஸ்கிரிப்ட்கள், குரூப் பாலிசி ஃபைல்கள் அதில்தான் இருக்கும். முன்பு இந்த ஃபைல் நகலை எஃப்ஆர்எஸ் என்ற சேவை பார்த்தது, இப்போது டிஎஃப்எஸ்ஆர் பார்க்கிறது.

இது நின்றால் என்ன ஆகும்? தலைமை அலுவலகத்தில் வேலையை விட்டு அனுப்பப்பட்டவரின் கணக்கை முடக்குகிறார்கள். கிளை சர்வருக்கு அந்தச் செய்தி போகவில்லை. அங்கே அவர் பாட்டுக்கு உள்ளே நுழையலாம். பென் டிரைவ் தடை போட்ட பாலிசி ஒரு ஊரில் வேலை செய்யும், இன்னொரு ஊரில் செய்யாது. பட்டியல் சரிதான், நகல் பழசு.

டிஎன்எஸ் இதில் எங்கே வருகிறது? ஒரு டொமைன் கன்ட்ரோலர் தன் கூட்டாளியைத் தேடும்போது ஐபி எண்ணை வைத்துத் தேடுவதில்லை. ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் ஜியுஐடி என்ற நீண்ட அடையாளக் குறி உண்டு. அந்தக் குறியை டிஎன்எஸ்ஸில் கேட்கும். அது சர்வரின் பெயரைக் காட்டும். அந்தப் பெயர் ஐபி எண்ணைக் காட்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கூட்டாளியின் வீடு தெரியாது.

எந்தச் சேவை எங்கே இருக்கிறது என்று சொல்ல எஸ்ஆர்வி என்ற பதிவுகள் உண்டு. அதன் முதல் வரைவு 1996-ல், போஸ்டெல் ஆசிரியராக இருந்தபோது வெளிவந்த ஆர்எஃப்சிதான். அந்தப் பதிவில் எல்டாப் சேவைக்கு 389, கெர்பெராஸுக்கு 88 என்று போர்ட் எண் இருக்கும். அவரும் ரெனால்ட்ஸும் 1994-ல் வெளியிட்ட எண் பட்டியலில் இருந்த அதே எண்கள்.

எங்கே பார்ப்பது?

முதல் கேள்வி: இந்த சர்வர் யாரிடம் கேட்கிறது? நெட்வொர்க் கார்டின் டிஎன்எஸ் அமைப்பைத் திறந்து பாருங்கள். அங்கே அலுவலகத்தின் உள் டிஎன்எஸ் சர்வர்கள் மட்டுமே இருக்க வேண்டும். இன்டர்நெட் கம்பெனியின் டிஎன்எஸ்ஸோ, பொது டிஎன்எஸ்ஸோ இரண்டாவது இடத்தில்கூட இருக்கக் கூடாது. அவசரத்துக்கு உதவும் என்று போட்டு வைப்பார்கள். ஆனால் வெளி சர்வருக்கு உங்கள் உள் பெயர்கள் தெரியாது. அப்படி ஒரு பெயரே இல்லை என்று அது பதில் தந்தால், அதையே இறுதி என்று உங்கள் சர்வர் எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, அந்த ஜியுஐடி பெயருக்குப் பதில் வருகிறதா? என்எஸ்லுக்அப் கட்டளையில் கேட்டால் தெரியும். வரவில்லை என்றால் நெட்லாகான் சேவையை மறுபடி தொடங்க வேண்டும். அடையாளக் குறியையும் எஸ்ஆர்வி பதிவுகளையும் அதுதான் எழுதும். சர்வரின் சொந்தப் பெயரையும் ஐபியையும் மறுபடி பதிய, ஐபிகான்ஃபிக் கட்டளையில் ரெஜிஸ்டர் டிஎன்எஸ் என்ற தேர்வு இருக்கிறது.

மூன்றாவது, பழைய பதிவுகள். ஐபி மாறியும் பழைய எண் நிற்கிறதா? எப்போதோ கழற்றிப்போட்ட சர்வரின் பெயர் இன்னும் இருக்கிறதா? இரண்டு நெட்வொர்க் கார்டு இருப்பதால் தேவையில்லாத எண்ணும் பதிவாகியிருக்கிறதா? கூடவே ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் ஹோஸ்ட்ஸ் என்ற சின்ன ஃபைல் இன்றும் உண்டு. அர்பாநெட் காலத்து ஃபைலின் வாரிசு. அதில் எழுதியது டிஎன்எஸ்ஸைவிட முந்திக்கொள்ளும். என்றோ ஒருநாள் அவசரத்துக்குச் சேர்த்த ஒரு வரி, ஐபி மாறிய பிறகும் உட்கார்ந்து குழப்பிக்கொண்டிருக்கும்.

நான்காவது, தனித்தீவுச் சிக்கல். டிஎன்எஸ் பட்டியலே ஆக்டிவ் டைரக்டரிக்குள் இருந்தால், அந்தப் பட்டியலும் சர்வர்களுக்கு இடையிலான அதே நகல் வழியாகத்தான் வரும். ஒரு கன்ட்ரோலர் தன்னிடம் மட்டுமே கேட்டுக்கொண்டு, தன் பட்டியலும் பழசாக இருந்தால்? கூட்டாளியைக் கண்டுபிடிக்கப் புதுப் பட்டியல் வேண்டும், புதுப் பட்டியல் வரக் கூட்டாளி வேண்டும். வெளியே வர வழியே இல்லை. அதனால்தான் முதல் டிஎன்எஸ்ஸாக இன்னொரு கன்ட்ரோலரையும் இரண்டாவதாகத் தன்னையும் வைப்பது வழக்கம். மாட்டிக்கொண்டால், தற்காலிகமாக நல்ல நிலையில் உள்ள கன்ட்ரோலரை மட்டும் கேட்கும்படி மாற்றி, நகல் வந்த பிறகு பழையபடி அமைக்கலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகே நகல் நிலவரத்துக்குப் போக வேண்டும். டிசிடயாக் கட்டளையில் டிஎன்எஸ் சோதனை, ரெப்அட்மின் கட்டளையில் நகல் சுருக்கம், கடைசியாக சிஸ்வால். இந்த வரிசை முக்கியம். டேட்டாபேஸ் நகல் நின்றிருக்கும்போது சிஸ்வாலை மட்டும் சரிசெய்யப் பார்த்தால் காலம்தான் வீண். அதைவிட மோசம், பழைய நகலை உள்ள சர்வரையே மூலம் என்று அறிவித்துவிடுவது. மற்ற சர்வர்களில் உள்ள புதுப் பாலிசிகள் போய்விடும்.

தள்ளிப்போடவும் முடியாது. நீக்கிய கணக்குகளின் அடையாளத்தை ஆக்டிவ் டைரக்டரி ஞாபகம் வைத்திருப்பது, இப்போதைய வழக்கமான அமைப்பில் 180 நாள். அதற்குமேல் பிரிந்திருந்த சர்வரை அப்படியே திரும்பச் சேர்த்தால், நீக்கிய கணக்குகள் உயிர்பெற்று வரலாம்.

பெருந்தன்மை மறைக்கும் தவறு

போஸ்டெல் பெயரில் ஒரு கொள்கை பிரபலம். ஒரு புரோகிராம் தான் அனுப்புவதில் கறாராகவும், பிறர் அனுப்புவதை வாங்கிக்கொள்வதில் பெருந்தன்மையாகவும் நடந்துகொள்ள வேண்டும் என்பது அது. பல வகைக் கணினிகள் ஒரே வலையில் சேர அந்தக் குணம்தான் உதவியது. அதற்கு ஒரு விலையும் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். தப்பைப் பொறுத்துக்கொண்டால் தப்பு தெரியாமலே வளரும்.

டொமைன் கன்ட்ரோலரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஜியுஐடி பெயருக்குப் பதில் வராவிட்டால், இப்போதைய விண்டோஸ் சர்வர் உடனே கைவிடுவதில்லை. முழுப் பெயரை வைத்துத் தேடும், அதுவும் இல்லையென்றால் பழைய நெட்பயாஸ் பெயரை வைத்துத் தேடும். கிடைத்துவிட்டால் நகல் நடக்கும், நிகழ்வுப் பதிவில் 2088 என்ற எச்சரிக்கை மட்டும் விழும். எல்லா வழியும் அடைபட்டால்தான் 2087 என்ற பிழை வரும். வேலைதான் நடக்கிறதே என்று 2088-ஐ யாரும் பார்ப்பதில்லை. ஒருநாள் அந்த மாற்று வழியும் அடைபடும்போது, பல மாதமாக உடைந்திருந்த டிஎன்எஸ் இன்றுதான் உடைந்ததுபோலத் தெரியும். வாரம் ஒருமுறை 2088 இருக்கிறதா என்று பார்ப்பது, இந்தத் தலைவலியில் பாதியைக் குறைக்கும்.

போஸ்டெல் பார்த்துக்கொண்ட ஐயானா வேலை இன்று ஐகேனிடம் இருக்கிறது. 2016 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசின் மேற்பார்வை ஒப்பந்தமும் முடிந்தது. ஒருவர் நோட்டுத் தாளில் வைத்திருந்த கணக்குக்கு இப்போது குழுக்கள், தணிக்கை, டிஜிட்டல் கையெழுத்து எல்லாம் உண்டு. ஆனாலும் வீட்டில் ஒரு தளத்தைத் திறக்கும் மொபைலில் இருந்து ஆபீஸ் டொமைன் கன்ட்ரோலர்வரை, ஒவ்வொன்றும் தனக்குச் சொல்லப்பட்ட ஓர் இடத்தை நம்பித்தான் முதல் கேள்வியைக் கேட்கிறது. அந்த இடம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் போஸ்டெல் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை.